சோதனை முடியும் முன்பே போர் விமானங்களை வாங்கலாமா? தேஜஸ், துருவ் அனுபவங்கள் எழுப்பும் கேள்வி

ஃபீனிக்ஸ் பே (அந்தமான்): ஸ்வராஜ் தீவுக்கும் ஷாகித் தீவுக்கும் திக்லிபூருக்கும் பயணிகள் கப்பல்கள் புறப்படும் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கடற்படையின் ஐஎன்எஸ் உத்குரோஷ் விமானத் தளம் உள்ளது. அங்கு 2022 மே 31-ஆம் தேதி கடற்படையின் 325-ஆவது விமானப் பிரிவு தொடங்கப்பட்டது. உள்நாட்டில் தயாரான ஏஎல்எச் மார்க்-3 ஹெலிகாப்டர்கள் அதற்கு வழங்கப்பட்டன. கடல் கண்காணிப்பு, தேடுதல் - மீட்பு, அவசர மருத்துவ உதவி ஆகியவை அவற்றின் பணிகள்.

மூன்றாண்டுகள் நிறைவதற்குள், 2025 ஜனவரி 5-ஆம் தேதி, குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல் படையின் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து நொறுங்கியதில் மூவர் உயிரிழந்தனர். இதையடுத்து முப்படைகளும் கடலோரக் காவல் படையும் பயன்படுத்தும் ஏறத்தாழ 330 துருவ் ரக ஹெலிகாப்டர்களும் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. தரைப்படை, விமானப்படை ஹெலிகாப்டர்களுக்கு மே மாதத் தொடக்கத்தில் அனுமதி கிடைத்தது. கடற்படை, கடலோரக் காவல் படை ஹெலிகாப்டர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. கடலை மட்டுமே எல்லையாகக் கொண்ட ஒரு தீவுக் கூட்டத்துக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல.

இந்தப் பின்னணியில்தான், அதே ஆண்டு செப்டம்பரில் கையெழுத்தான மற்றோர் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டியுள்ளது. 97 தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்களை ரூ.62,370 கோடிக்கு வாங்குவதற்காக இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துடன் (எச்ஏஎல்) பாதுகாப்பு அமைச்சகம் 2025 செப்டம்பர் 25-இல் ஒப்பந்தம் செய்தது. இதே ரகத்தில் 83 விமானங்களுக்கான முதல் ஒப்பந்தம் 2021 பிப்ரவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. அதன்படி 2024 மார்ச் வாக்கில் தொடங்கியிருக்க வேண்டிய ஒப்படைப்பு, இரண்டாம் ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலும் தொடங்கவில்லை. ஒரு விமானம்கூட விமானப்படையின் கைக்கு வராத நிலையில், மொத்தம் 180 விமானங்களுக்கு நாடு உறுதி அளித்துவிட்டது.

சோதனைகள் முழுமை பெறும் முன்பே விமானத்தை வாங்குவது முறையா என்ற கேள்வி இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால், இங்கு அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

தொடக்கம் முதலே முன்கூட்டிய கொள்முதல்

இலகு ரகப் போர் விமானத் திட்டத்துக்கு 1983-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. முதல் விமானம் 2001 ஜனவரி 4-இல் பறந்தது. முதல் 20 விமானங்களுக்கு 2006-இலும் அடுத்த 20 விமானங்களுக்கு 2010-இலும் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. ஆனால், தொடக்கநிலைச் செயல்பாட்டு அனுமதியின் இறுதிக் கட்டம் 2013 டிசம்பரில்தான் கிடைத்தது. முழுமையான செயல்பாட்டு அனுமதிக்கு 2019 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது, முழுச் சோதனை முடிந்த விமானம் என்ற சான்று கிடைப்பதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே முதல் கொள்முதல் ஒப்பந்தம் செய்யப்பட்டுவிட்டது.

இதன் விளைவை 2015 மே மாதம் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. விமானப்படை கேட்ட தகுதிகளில் 53 அம்சங்களில் நிரந்தர விலக்கு அல்லது சலுகை வழங்கப்பட்டிருந்ததை அது சுட்டிக்காட்டியது. மின்னணுப் போர்த் தற்காப்பில் உள்ள குறைகள், பயிற்சி விமானம் இல்லாதது ஆகியவையும் அதில் இடம்பெற்றன. விமானம் பாதுகாப்பாகப் பறக்கிறதா என்பது ஒரு கேள்வி. கேட்ட போர்த்திறன் அதில் இருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. பொது விவாதங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. தேஜஸ் விஷயத்தில் முதல் கேள்விக்கான பதில் நெடுங்காலம் நன்றாகவே இருந்தது. 2001-இல் முதல் முறை பறந்ததிலிருந்து 2024 மார்ச்சில் ஜெய்சால்மர் அருகே நேர்ந்த விபத்து வரை அந்த விமானம் ஒருமுறைகூட விழவில்லை. 2025 நவம்பர் 21-இல் துபாய் விமானக் கண்காட்சியில் நேர்ந்த இரண்டாவது விபத்தில் விமானி உயிரிழந்தார். இவ்விரண்டும் பழைய மார்க்-1 ரக விமானங்கள்.

இரண்டாம் கேள்விக்கு விடையாகவே மார்க்-1ஏ உருவாக்கப்பட்டது. நவீன ஏஇஎஸ்ஏ ராடார், மின்னணுத் தற்காப்புக் கருவிகள், புதிய கணினிகள், பார்வைக்கு அப்பாலுள்ள இலக்கைத் தாக்கும் அஸ்திரா ஏவுகணை என அதன் பட்டியல் நீளமானது. இந்த ரகத்தின் முதல் உற்பத்தி விமானம் 2024 மார்ச் 28-இல் பெங்களூருவில் பறந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்றாண்டுகளுக்குப் பின்பு அது நடந்தது. ராடாரும் ஏவுகணையும் மென்பொருளும் ஒன்றோடொன்று இசைந்து செயல்படுவதை நிரூபிக்கும் வேலை அதன் பிறகும் தொடர்ந்தது. தாமதம் குறித்து விமானப்படைத் தலைமைத் தளபதி ஏ.பி.சிங், 2025 பிப்ரவரியில் பெங்களூரு விமானக் கண்காட்சியின்போதும் மே மாதத்தில் டெல்லியில் நடைபெற்ற தொழில்துறைக் கூட்டத்திலும் வெளிப்படையாக அதிருப்தி தெரிவித்தார். பணியில் உள்ள தளபதி ஒருவர் உள்நாட்டு நிறுவனம் குறித்துப் பொதுவெளியில் இப்படிப் பேசுவது வழக்கமல்ல.

தாமதத்துக்குக் காரணம் அவசரமா, தயக்கமா?

இங்கு ஒரு முரண் உள்ளது. மார்க்-1ஏ தாமதத்துக்கு முன்கூட்டியே வாங்கியது மட்டும் காரணமல்ல. காலம் கடந்து வாங்கியதும் காரணம்.

இவ்விமானத்தின் எஃப்-404 இன்ஜினை அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் தயாரிக்கிறது. முந்தைய தேஜஸ் விமானங்களுக்காக 65 இன்ஜின்களை வழங்கி முடித்த பின்னர், புதிய ஆர்டர் வராததால் 2016-இல் அந்த உற்பத்தி வரிசை நிறுத்தப்பட்டது. 83 விமானங்களுக்காக 99 இன்ஜின்களை எச்ஏஎல் கேட்டது 2021 ஆகஸ்டில்தான். மூடிய வரிசையை மீண்டும் திறப்பதும், உதிரிபாகம் தரும் சிறு நிறுவனங்களை மீண்டும் திரட்டுவதும் எளிதாக இருக்கவில்லை. முதல் இன்ஜின் 2025 மார்ச்சில்தான் கிடைத்தது. அதுவரை உடல் தயாரான விமானங்கள் இன்ஜினுக்காகக் காத்திருந்தன.

அனைத்துச் சோதனைகளும் முடியட்டும், பிறகு வாங்கலாம் என்று கூறுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. போர் விமான உற்பத்தி என்பது கடையில் இருப்பு வைத்து விற்கும் சரக்கல்ல. ஆர்டர் இல்லையெனில் பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் வேறு வேலைக்குச் செல்வார்கள். சிறு நிறுவனங்கள் இயந்திரங்களை வேறு பணிக்கு மாற்றிக்கொள்ளும். சோதனை முடிந்த நாளில் ஆர்டர் கொடுத்தால், முதல் விமானம் கைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆகும். இந்த முறை அந்தப் பாடம் ஓரளவு கற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. 97 விமானங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆறு வாரங்களில், 2025 நவம்பர் 7-இல், 113 இன்ஜின்களுக்கான ஒப்பந்தமும் செய்யப்பட்டது.

விமானப்படையின் நெருக்கடியும் உண்மையானது. அதற்கு அனுமதிக்கப்பட்ட போர் விமானப் படைப்பிரிவுகள் 42. மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் விடைபெற்றபோது எஞ்சியவை 29. தேஜஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்கு முந்தைய நாள்.

பழைய விமானங்களை ஓட்டிக்கொண்டு காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு என்பதைத் தீவுவாசிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2016 ஜூலை 22-இல் சென்னை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. ஏழரை ஆண்டுகளுக்குப் பின், தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது. விபத்துக்கான காரணம் உறுதிப்படுத்தப்படவில்லை. எனவே விமானத்தின் வயதே காரணம் என்று முடிவு கட்ட இயலாது. எனினும், 1980-களில் வாங்கத் தொடங்கிய அந்த ரக விமானங்களையே இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் படை நம்பியிருக்க வேண்டியிருந்தது.

பறக்கும் முன்பே வாங்கிய விமானம்

சோதனைக்கு முன் வாங்குவது எப்போதும் தவறாகவே முடிவதில்லை. அதற்கான சான்று தமிழகத்திலேயே, அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் உள்ளது. நீர்மூழ்கி எதிர்ப்புப் பணிக்கான எட்டு பி-8ஐ விமானங்களை வாங்க இந்தியா போயிங் நிறுவனத்துடன் 2009 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தது. அந்த ரகத்தின் முதல் விமானம் அமெரிக்காவில் பறந்தது அதே ஆண்டு ஏப்ரலில். விண்ணில் ஏறாத விமானத்துக்கு, அதுவும் முதல் வெளிநாட்டு வாடிக்கையாளராக, இந்தியா ஏறத்தாழ 210 கோடி டாலர் உறுதியளித்தது. முதல் பி-8ஐ 2013 மே மாதம் அரக்கோணத்தில் இறங்கியது. பின்னர் மேலும் நான்கு வாங்கப்பட்டு எண்ணிக்கை 12 ஆனது. 2016 ஜனவரியில் இவ்விமானங்கள் போர்ட் பிளேருக்கும் அனுப்பப்பட்டன. மலாக்கா நீரிணையின் வாயிலைக் கண்காணிப்பதில் இன்று அவற்றின் பங்கு பெரிது.

அந்தத் துணிவு பலித்ததற்குக் காரணங்கள் உண்டு. பி-8ஐ-யின் உடல், உலகெங்கும் பயணிகளைச் சுமந்து பழகிய போயிங் 737 ரகத்தைச் சேர்ந்தது. உடலும் இன்ஜினும் ஏற்கெனவே தங்களை நிரூபித்துவிட்டன. புதியவை உள்ளே இருந்த ராடாரும், நீரடிக் கருவிகளும், மென்பொருளும்தான். அவற்றின் சோதனைச் செலவில் பெரும்பகுதியை அமெரிக்கக் கடற்படை ஏற்றது. அவ்வளவு இருந்தும், பரந்த கடற்பரப்பில் நீர்மூழ்கிகளைத் தேடும் திறன் இன்னும் போதவில்லை என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனைப் பிரிவு 2014 தொடக்கத்தில் வெளியிட்ட அறிக்கை கூறியது. குறைகள் பின்னர் படிப்படியாகத் திருத்தப்பட்டன. இந்தியா வாங்கியது எட்டு விமானங்களை மட்டுமே என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சுகோய்-30 கதை இன்னும் சுவையானது. 1996 நவம்பரில் ரஷியாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இந்தியா விரும்பிய வடிவிலான விமானம் வரைபடத்தில்தான் இருந்தது. எளிய வடிவிலான எட்டு விமானங்கள் முதலில், 1997-இல் வந்தன. அவற்றில் விமானிகள் பழகினர். முழுத் திறன் கொண்ட எம்கேஐ ரகம் 2002-இல் புணேவுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் வாங்கியவற்றையும் சேர்த்து 18 ஆரம்ப விமானங்கள் மேம்படுத்தப்படாமலே இறுதியில் ரஷியத் தரப்புக்குத் திருப்பி அளிக்கப்பட்டன. படிப்படியாக வாங்கியதால் அந்த இழப்பு 18 விமானங்களோடு நின்றது. 2020 ஜனவரியில் தஞ்சாவூர் தளத்தில் நிறுத்தப்பட்ட பிரம்மோஸ் ஏந்தும் சுகோய் படைப்பிரிவு, அந்தப் பொறுமையான வளர்ச்சியின் பிந்தைய கட்டம்.

எதிர்மறை உதாரணம் அமெரிக்காவின் எஃப்-35. அது முதலில் பறந்தது 2006 டிசம்பரில். முழு அளவிலான உற்பத்திக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முறைப்படி ஒப்புதல் அளித்தது 2024 மார்ச்சில். அதற்குள் ஏறத்தாழ ஆயிரம் விமானங்கள் ஒப்படைக்கப்பட்டிருந்தன! சோதனையில் கண்ட ஒவ்வொரு குறையையும், ஏற்கெனவே விற்ற விமானங்களில் திரும்பச் சென்று சரிசெய்ய வேண்டியிருந்தது. இவ்வாறு உற்பத்தியைச் சோதனைக்கு முன்பே தொடங்கியதை, மருத்துவர்களின் தவறான சிகிச்சையைக் குறிக்கும் சொல்லால் 2012-இல் கண்டித்தவர் வேறு யாருமல்லர். அப்போது அந்நாட்டின் ஆயுதக் கொள்முதலுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி ஃபிராங்க் கெண்டால்.

சான்றிதழ் கிடைத்தால் போதுமா?

மீண்டும் அந்தமானுக்குத் திரும்பினால், விவாதத்தின் அடிப்படையே சற்று ஆட்டம் காண்கிறது. போர்ட் பிளேருக்கு வந்த ஏஎல்எச் மார்க்-3, சோதனை முடியாத ஹெலிகாப்டர் அல்ல. துருவ் முதலில் பறந்தது 1992-இல். படைகளில் சேர்ந்தது 2002-இல். உரிய வான்தகுதிச் சான்றுகள் அனைத்தும் அதற்கு இருந்தன. ஆயினும் 2023 மார்ச் முதல் மே வரையிலான மூன்றே மாதங்களில் மும்பைக் கடலிலும் கொச்சியிலும் ஜம்மு - காஷ்மீரின் கிஷ்த்வாரிலும் மூன்று விபத்துகள் நேர்ந்தன. 2024 செப்டம்பரில் போர்பந்தர் அருகே மீட்புப் பணியின்போது ஒன்று கடலில் விழுந்தது. கடைசியாக 2025 ஜனவரி விபத்து. அதற்கு, விமானியின் கட்டளையைச் சுழல் இறக்கைகளுக்குக் கடத்தும் தட்டு அமைப்பில் ஏற்பட்ட முறிவு காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

உப்புக் காற்றும் ஓயாத மழையும் கப்பல் தளத்தின் அதிர்வும் ஆண்டுக்கணக்கில் உலோகத்தை என்ன செய்யும் என்பதைச் சோதனைக் கூடத்தில் ஓரளவுதான் அறிய முடியும். கடற்படை, கடலோரக் காவல் படை ஹெலிகாப்டர்கள் மட்டும் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்ததன் பொருளும் இதுதான். எனவே, 'சோதனை முடிந்தது' என்பது ஒரு நாளில் கையெழுத்தாகும் காகிதம் அல்ல. அது கருவி ஓய்வு பெறும்வரை நீளும் பணி. வெளிநாடு ஒன்றும் இதை வேறு விதமாக உணர்ந்தது. ஏழு துருவ் ஹெலிகாப்டர்களை வாங்கிய ஈக்வடார், நான்கு விபத்துக்குள்ளான பின், 2015-இல் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது.

இத்தனைக்கும் நடுவே, 2025 மார்ச் 28-இல், துருவை அடிப்படையாகக் கொண்டு உருவான பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டர்கள் 156-ஐ ரூ.62,700 கோடிக்கு வாங்க எச்ஏஎல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. துருவ் மீதான தடை அப்போது நீங்கியிருக்கவில்லை. ஆனால், இந்தக் கொள்முதலில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. 2022-இல் முதலில் 15 மட்டுமே வாங்கப்பட்டு, மூன்றாண்டுகள் படைகளின் கையில் பறந்த பிறகே பெரிய ஒப்பந்தம் வந்தது. ஆளில்லா எம்க்யூ-9பி விமானங்களிலும் இதே நிதானம் கடைப்பிடிக்கப்பட்டது. 2020 நவம்பரில் இரண்டை மட்டும் குத்தகைக்கு எடுத்த கடற்படை, அவற்றை அரக்கோணத்திலிருந்து இயக்கிப் பார்த்தது. அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டு இழக்கப்பட்டது. அடுத்த மாதமே 31 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. இழப்பு நேர்ந்தும் துணிந்து வாங்க முடிந்தது என்றால், நான்காண்டுப் பயன்பாட்டில் அதன் குறை நிறைகள் தெரிந்திருந்தன என்பதே அதற்கு விளக்கமாக இருக்க முடியும்.

இந்த அளவுகோலில் தேஜஸ் மார்க்-1ஏ எங்கு நிற்கிறது? அதன் உடலும் இன்ஜினும் கோவை அருகே சூலூரில் 2018 முதல் பறந்து வரும் மார்க்-1 விமானங்களில் பழகியவை. அந்த வகையில் அது பி-8ஐ-யை ஒத்திருக்கிறது. ஆனால், எண்ணிக்கையில் எஃப்-35 பாதையை நெருங்குகிறது. முதல் 83 விமானங்களுக்கான ஆர்டரை உற்பத்தி வரிசையைக் காக்கும் நடவடிக்கையாக நியாயப்படுத்தலாம். அவற்றில் ஒன்றுகூட ஏற்கப்படாத நிலையில் மேலும் 97 என்பது, தேவையைக் காட்டிலும் நம்பிக்கையின் மீது கட்டப்பட்ட முடிவு. மேலும், இரண்டாம் தொகுதி முதல் தொகுதியின் நகல் அல்ல. இஸ்ரேலிய ராடாருக்குப் பதிலாக உள்நாட்டில் உருவான உத்தம் ராடாரும், ஸ்வயம் ரக்ஷா கவச் என்ற தற்காப்புத் தொகுப்பும் உள்பட 67 கூடுதல் உள்நாட்டுப் பொருள்கள் அதில் இடம்பெறவுள்ளன. உள்நாட்டுப் பங்கு 64 சதவீதத்தைத் தாண்டும் என்கிறது அமைச்சகம். வரவேற்கத்தக்க இலக்குதான், அதே வேளையில், புதிய ராடார் என்றால் ஏவுகணை ஒருங்கிணைப்பு உள்ளிட்ட சோதனைகள் மீண்டும் ஒரு சுற்று தொடங்கும் என்பதும் அதனுள் அடங்கியுள்ளது.

குறைகளைத் திருத்தும் செலவை யார் ஏற்பது, எந்தத் திறன் நிரூபிக்கப்பட்டால் எவ்வளவு தொகை விடுவிக்கப்படும், எந்தெந்தத் தகுதிகளில் விலக்கு தரப்பட்டது ஆகியவை ஒப்பந்த நாளிலேயே நாடாளுமன்றத்துக்குத் தெரிய வேண்டிய விவரங்கள். 53 விலக்குகள் இருந்த செய்தியை, முதல் ஒப்பந்தம் செய்து ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தணிக்கை அறிக்கையின் வழியாக நாடு அறிய நேர்ந்தது. ரகசியம் காக்க வேண்டிய போர்த்திறன் விவரங்கள் இருக்கலாம். கட்டண அட்டவணையில் அப்படி என்ன ரகசியம் என்பது விளங்கவில்லை.

97 விமானங்களின் ஒப்படைப்பு 2027-28-இல் தொடங்கி ஆறு ஆண்டுகளில் முடிய வேண்டும் என்கிறது ஒப்பந்தம். அதற்கான 113 இன்ஜின்கள் 2027 முதல் 2032 வரை வரவுள்ளன. அதற்கு முன்னதாக, முதல் ஒப்பந்தத்தின் 83 விமானங்கள் ஒவ்வொன்றாக விமானப்படையின் ஏற்புச் சோதனையைக் கடக்க வேண்டும்.